பிந்தி விதைத்த பீன்ஸ்

நாலரை மணிக்கே கொல்லையை விட்டு வெயில் போய்விட்டது.

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு மேலே பார்த்தாள். ஒரு மேகம் இல்லை. காற்றும் இல்லை. கொடியில் தொங்கிய திரைச்சீலைகள் அசையாமல் நின்றன.

மத்தியானம் லாட்ஜ் வேன் வந்தபோதே டிரைவர் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவனுக்கு இந்தச் சலவைக்கடையில் ஹாரன் என்று பெயர். வாசலில் நின்று கூப்பிடமாட்டான். அடிப்பான்.

"அக்கா, மேட்டு ரோடு நேத்தே கண்ணாடி மாதிரி ஒறைஞ்சு கெடந்துச்சு. இன்னிக்கு ராத்திரி பனி இங்க எறங்கிடும். செடி கிடி இருந்தா பாத்துக்கங்க."

அழுக்கு மூட்டையை மெஷின் அறைப் பின்கதவோரம் கொண்டுவந்து தள்ளினான். வெளுத்ததை மறுநாள் பத்து மணிக்கு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். போகும்போதும் ஒரு முறை அடித்தான்.

முன்பக்கம் கடை. நடுவில் பாய்லரும் மெஷின்களும். பின்னால் கொல்லை. கொல்லையில் பாதி கொடிக்கயிறு, பாதி காய்கறி. அந்தக் காய்கறிப் பாதிக்காகத்தான் இரண்டு மாதம் முன்பு சண்டை நடந்தது.

விதைக்க வேண்டிய சமயத்தில் பாய்லர் வெடித்துவிட்டது. புதியது வரும்வரை எல்லாத் துணியையும் கையால் துவைத்தார்கள். மண்ணைத் திரும்பிப் பார்க்க அவளுக்கு நேரம் இல்லை. பாய்லர் வந்து சேர்ந்தபோது ஊரில் மற்றவர்களின் பீன்ஸ் பூத்திருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் இன்னொரு லாட்ஜ்காரர் துணி தருவதாகச் சொன்னார். காயப்போட இடம் போதவில்லை.

"இந்த வருஷம் விட்டுடு. அந்தப் பாதியிலயும் கயிறு கட்டிடலாம்," என்றான் கணவன்.

"வெதை ஊறப் போட்டுட்டேன்."

போடவில்லை. உள்ளே போய் அதற்கப்புறம்தான் போட்டாள். அவனும் பின்னாலேயே வந்து கிண்ணத்தைப் பார்த்தான். தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"சரி, போடு. இந்த வருஷத்துக்குள்ள ஒரு கூடை பீன்ஸ் பறிச்சுட்டா மண்ணு உன்னுது. இல்லேன்னா கயிறு. அப்புறம் அழக்கூடாது."

"நான் எதுக்கு அழறேன்? தட்டுல ஒண்ணும் இல்லேன்னு நீங்கதான் அழுவீங்க."

மறுவாரமே அவன் ஒரு பொட்டலம் நீல நைலான் கயிறு வாங்கி வந்து ஆணியில் மாட்டினான். பிரிக்கவில்லை. அவள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அது கண்ணில் பட்டது.

இப்போது பீன்ஸ் முழங்கால் உயரம் வந்திருந்தது. ஆறு வரிசை. பூ நிறைய. பிஞ்சுகள் தீக்குச்சி கனத்தில் தொங்கின. இன்னும் ஒரு வாரம் வேண்டும். ஒரு ராத்திரி உறைந்தால் அந்த ஒரு வாரம் கிடையாது.

"அண்ணி!"

நாத்தனார் கூடையோடு வந்தாள். கணவனின் தங்கை. கடையில் இஸ்திரி அவள் பொறுப்பு. பெட்டி சூடாகும்வரை பேசுவாள். சூடான பிறகும் பேசுவாள்.

"தக்காளிய மொத்தமா உருவிடவா?"

"வெளுத்த காய மட்டும் பறி. கரும்பச்சையா இருக்கறது பழுக்காது. விட்டுடு."

நாத்தனார் ஒரு காயைத் திருப்பினாள். அவள் எட்டி வாங்கி, காம்பைப் பார்த்து, அடிப்பக்கத்தைப் பார்த்து, கூடையில் போட்டாள். அடுத்ததையும் அப்படியே பார்த்தாள்.

"என்னண்ணி, மாப்பிள்ளை பாக்கற மாதிரி முன்னாடி பின்னாடி பாக்கறீங்க?"

"மாப்பிள்ளைய இப்படிப் பாத்திருந்தா உங்கண்ணன நான் கட்டியிருப்பேனா?"

பாய்லர் அறையிலிருந்து ஓர் இருமல் கேட்டது.

"காது மட்டும் நல்லா வேலை செய்யுது," என்றாள் நாத்தனார்.

கோஸைத் தொடவில்லை. அதற்குப் பனி பட்டால் நல்லது, இனிக்கும். கேரட்டுக்கு மட்டும் தலை தெரியாமல் மண்ணை அணைத்தாள். வெயில் இருக்கும்போதே பீன்ஸின் வேருக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தாள். இலையில் படாமல். ஈர மண் பகல் சூட்டைக் கொஞ்சம் பிடித்து வைக்கும்.

பிறகு போர்த்தும் வேலை. வீட்டிலிருந்த கம்பளிகள் வந்தன. சாக்குகள் வந்தன. பழைய மழைக்கோட்டு வந்தது. நாத்தனார் தன் மெத்தை உறையை உருவிக்கொண்டு வந்தாள். நான்கு மூலையிலும் குச்சி நட்டு, மேலே விரித்து, ஓரத்தில் செங்கல் வைத்தார்கள். இரண்டு வரிசைக்கு அது சரியாக இருந்தது.

மூன்றாவதற்கு அவள் கொடியிலிருந்த திரைச்சீலைகளை உருவினாள். வீட்டுத் திரைச்சீலைகள்தான். காலையில் துவைத்தது. இந்தக் குளிரில் பாதிதான் காய்ந்திருந்தது. குச்சி தீர்ந்துவிட்டதால் அப்படியே செடிமேல் போட்டாள். கொடியிலிருந்து எதையும் எடுத்து விரிக்கிற கை. ஈரமா என்று அது யோசிக்கவில்லை.

மூன்று வரிசை மிச்சம்.

நாத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். மெஷின் அறையைப் பார்த்தாள்.

"லாட்ஜ் மூட்டை இருக்கே அண்ணி. அழுக்கு மூட்டை. எப்படியும் தொவைக்கத்தானே போறோம்?"

"வாய மூடு."

"சும்மா சொன்னேன்."

"உங்கண்ணன் காதுல விழுந்தா நம்ம ரெண்டு பேரையும் மெஷின்ல போட்டுடுவார்."

ஊரார் துணி தரையைத் தொடக்கூடாது. கடை தொடங்கிய நாளிலிருந்து அவன் வைத்திருக்கும் ஒரே சட்டம் அது. அழுக்கானாலும் சரி, வெளுத்ததானாலும் சரி. ஒரு முறை கொடியிலிருந்து ஒரு தலையணை உறை விழுந்தது. அவள் உதறி மடித்துவிட்டாள். விழுந்ததை அவன் பார்க்கவில்லை. மடித்த அடுக்கின் மேல் கையை வைத்தான். அந்த உறையை மட்டும் உருவி எடுத்தான். அதோடு சேர்த்து மடித்திருந்த அத்தனையும் மறுபடி தண்ணீருக்குப் போயின. துணிமேல் கை வைத்தால் போதும், அது வெளுத்ததா இல்லையா, எந்தச் சோப்பு, எத்தனை நாளாயிற்று, எல்லாம் சொல்வான்.

அவனிடம் போய்க் கேட்க அவளுக்கு மனசு வரவில்லை. கேட்டால் முடியாது என்பான். முடியாது என்று அவன் சொல்லி அந்த மண் போவதைவிட பனியில் போவது மேல்.

விரல்கள் மரத்திருந்தன. உள்ளே போனாள். அவன் பாய்லரின் அளவு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்ச வரைக்கும்."

"மிச்சம்?"

"மூணு வரிசை. போனா போகுது."

அவன் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"அந்தக் கயித்துப் பொட்டலத்த எடுத்துப் பிரிச்சு வைங்க," என்றாள். "தூசி படிஞ்சு போச்சு."

"ம்."

அன்று வீட்டில் போர்வை இல்லை. எல்லாம் கொல்லையில் இருந்தது. அவளும் அவனும் ஸ்வெட்டரோடும் காலுறையோடும் படுத்தார்கள். நாத்தனார் பாய்லர் அறையில் பாயை விரித்தாள்.

"பீன்ஸுக்குக் கம்பளி, நமக்குக் கோட்டு," என்று அங்கிருந்து குரல் வந்தது. "அடுத்த பிறவியில செடியாத்தான் பொறக்கணும்."

அவளுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. படுத்ததுதான் தெரியும்.

விழித்தபோது பக்கத்தில் ஆள் இல்லை. ஜன்னல் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. அவள் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். எழுந்தால் பார்க்க வேண்டும்.

எழுந்தாள். பின்கதவுத் தாழ்ப்பாள் விரலில் ஒட்டியது.

கொல்லை வெள்ளையாக இருந்தது. புல், செங்கல், வாளியின் விளிம்பு, எல்லாம். வாளித் தண்ணீர் மூடி போட்டதுபோல் உறைந்திருந்தது. தக்காளிச் செடிகள் தலை தொங்கிக் கிடந்தன. அது எதிர்பார்த்ததுதான்.

பிறகு பீன்ஸ் பக்கம் பார்த்தாள்.

திறந்து விட்டுப்போன மூன்று வரிசையும் மூடியிருந்தது. வரிசையின் இரண்டு முனையிலும் கழி நட்டு, இடுப்புக்குக் கீழே நீலக் கயிறு இழுத்துக் கட்டியிருந்தது. கயிற்றின் மேல் விரிப்புகள். இரண்டு பக்கமும் சரிந்து தரைவரை இறங்கி, ஓரத்தில் செங்கல் வைத்து, மேலே கிளிப் போட்டு, கூடாரம் மாதிரி. ஒரு விரிப்பும் இலையைத் தொடவில்லை. மேலே பனி படிந்து துணி தகடாக நின்றது.

கிளிப்புகள் ஒரே இடைவெளியில் இருந்தன. அப்படிக் கிளிப் போடுகிற ஆள் அந்த வீட்டில் ஒருவன்தான்.

பின்னால் காலடி கேட்டது.

"அண்ணி," என்றாள் நாத்தனார். குரல் இறங்கியிருந்தது. "ஓரத்துல பச்சைக் கோடு."

லாட்ஜ் விரிப்பு.

"அழுக்கு மூட்டையா இருக்கும்," என்றாள் அவள்.

"அழுக்குல காப்பிக் கறை இல்லாம ஒரு பெட்ஷீட் வந்திருக்கா இதுவரைக்கும்?"

இரண்டு பேரும் மெஷின் அறைக்கு ஓடினார்கள். அழுக்கு மூட்டை அப்படியே இருந்தது. வெளுத்து, காயவைத்து, காலையில் இஸ்திரிக்கென்று உள்மூலை மேடையில் கட்டி வைத்திருந்த மூட்டைகள் இல்லை. கட்டியிருந்த துணி மட்டும் நாலாக மடித்து மேடைமேல் இருந்தது.

அவன் கடைப் பக்கமிருந்து டீயோடு வந்தான். கண் சிவந்திருந்தது. காது நுனியும் சிவந்திருந்தது.

"என்னங்க இது?"

"என்ன?"

"வெளுத்ததப் போய் எடுத்திருக்கீங்க!"

அவன் மேடையைப் பார்த்தான். டீயைப் பார்த்தான்.

"அழுக்குன்னு நெனச்சேன். இருட்டுல தெரியல."

"அண்ணா," என்றாள் நாத்தனார், "நீ தூங்கும்போது மூஞ்சில கர்ச்சீப் போட்டாக்கூட யார் வீட்டுதுன்னு சொல்லுவியே."

"வயசாகுதுல்ல."

"ராத்திரியோட ராத்திரியாவா?"

"போய்ப் பெட்டியச் சூடு பண்ணு."

அவள் அவர்கள் பேசுவதைக் கேட்கவில்லை. பத்து மணி. வேன். லாட்ஜில் அத்தனை கட்டிலும் வெறுமனே இருக்கும். மேனேஜர் ஒரு தடவை சொன்னதை மறுதடவை சொல்லாத ஆள். வேறு கடைக்குக் கொடுத்துவிடுவார்.

"இப்பவே எடுத்துடலாம்," என்றாள். "எடுத்து, ஓரத்த மட்டும் அலசி, ஈரத்தோட இஸ்திரி போட்டா..."

"வெயில் வரட்டும்."

"வெயில் வர ஒம்பதாயிடும்!"

"இப்ப எடுத்தா ராத்திரி மூடினது வீண். வெளியில இன்னும் ஒறைஞ்சுதான் இருக்கு."

"வேன்?"

"வரட்டும்."

அவன் இப்படி ஒரு வார்த்தை சொல்லி அவள் கேட்டதில்லை. வேன் வருவதற்கு அரை மணி முன்பே மூட்டைகளை வாசலில் அடுக்கிவிட்டு நிற்கிறவன். அவள் அவனைப் பார்த்தாள். அவன் டீயை ஊதினான்.

கடையில் போன் அடித்தது. ஹாரன்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. மேட்டு ரோட்டுல ஒரு லாரி வழுக்கிக் குறுக்க நிக்குது. பனி எளகினாத்தான் நகரும். நான் வர ரெண்டு, ரெண்டரை ஆயிடும். மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன், ரோடே இல்லாம என்ன பண்றதுன்னு அவரும் சரின்னுட்டார். கோவிச்சுக்காதீங்க."

"கோவமா? எனக்கென்ன கோவம்?" அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "நிதானமா வாப்பா. சாப்பிட்டுட்டு வா. சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டுட்டே வா."

"அக்கா, உங்களுக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

போனை வைத்துவிட்டு அவள் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். நாத்தனார் அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.

"நமக்காக ஒரு லாரி வழுக்கியிருக்கு பாருங்க."

வெயில் முதலில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பட்டது. பிறகு சுவர். பிறகு கோஸ். மூன்று பேரும் பின்கதவில் நின்று அது நகர்வதைப் பார்த்தார்கள். பீன்ஸுக்கு வந்து, விரிப்புகள் தளர்ந்து, ஓரத்தில் சொட்டு விழ ஆரம்பித்த பிறகு அவன் தலையை ஆட்டினான்.

அவள் தன் திரைச்சீலையிலிருந்து தொடங்கினாள். அது வரவில்லை. இலையோடு ஒட்டியிருந்தது. மெதுவாக இழுத்தாள். கீழே இலைகள் வேகவைத்த கீரை மாதிரி கறுத்துத் துவண்டிருந்தன. ஒரு வரிசை முழுக்க. ஒரு பிஞ்சைத் தொட்டாள். நசுங்கி விரலில் நீர் விட்டது.

கம்பளி மூடிய இரண்டு வரிசை பரவாயில்லை. குச்சி சாய்ந்து கம்பளி இலையைத் தொட்ட இடங்களில் மட்டும் கருகல். பூ பாதிக்குமேல் இருந்தது.

மிச்சம் அந்த மூன்று. அவன் ஒரு பக்கம் கிளிப்புகளை எடுத்தான். அவள் மறுபக்கம் எடுத்தாள். இரண்டு பேரும் நான்கு முனையையும் பிடித்து, கொடியில் துணி எடுக்கிற பழக்கத்தில், ஒரே நேரத்தில் தூக்கினார்கள்.

பச்சை.

இலை விரிந்து நின்றது. பூ வெள்ளையாக இருந்தது. உள்ளிருந்து மண்ணின் சூடு லேசாக முகத்தில் பட்டது. அவள் விரிப்பின் முனையை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டுக் குந்தினாள். ஒரு பிஞ்சை ஒடித்தாள். சத்தம் கேட்டது.

இன்னொன்றையும் ஒடித்தாள்.

"அண்ணி, போதும். ஒடிச்சே தீத்துடுவீங்க போல."

அவள் அதை வாயில் போட்டு மென்றாள்.

"ஒரு கூடை தேறுமா?" என்றான் அவன், எங்கோ பார்த்தபடி.

"ஒண்ணுக்கு மேல தேறும்."

"ம்."

"கயிறும் கட்டியாச்சு, பீன்ஸும் பொழைச்சாச்சு," என்றாள் நாத்தனார். "ரெண்டு பேரும் ஜெயிச்சுட்டீங்க. இத்தனை பெட்ஷீட்டையும் ரெண்டு மணிக்குள்ள தேய்க்கப்போற நான்தான் தோத்தேன்."

"ஓரம் மண்ணாயிருக்கு. ஒரு தண்ணி போட்டுட்டுத் தேய்," என்றான்.

"இருட்டுல கண்ணு தெரியாதவரு, பகல்ல மண்ணு மட்டும் தெரியுதோ?"

அவன் சிரிக்காமல் இருக்கப் பார்த்தான்.

விரிப்புகள் உள்ளே போயின. மெஷின் ஓடியது. கம்பளிகளை அவள் கொடியில் போட்டாள். கருகிய வரிசையைப் பிடுங்கி மூலையில் குவித்தாள். அது போனதில் வருத்தம் பெரிதாக இல்லை. நேற்றுச் சாயங்காலம் ஆறும் போய்விடும் என்றிருந்தது.

அழுக்கு மூட்டையையும் போட்டுவிடலாம் என்று மெஷின் அறைக்குத் திரும்பி வந்தாள். மூட்டை பின்கதவை ஒட்டிக் கிடந்தது. ஹாரன் நேற்றுத் தள்ளிய இடத்திலேயே. பாதி வழியை அடைத்துக்கொண்டு. காலையில் அவளும் நாத்தனாரும் ஓடி வந்தபோது அதைத் தாண்டித்தான் வந்திருக்கிறார்கள். பதற்றத்தில் உறைக்கவில்லை.

முடிச்சை அவிழ்த்தாள். விரிப்புகளோடு சுருட்டி வைத்த துண்டுகள். குளித்துத் துடைத்து அப்படியே போட்டவை. எப்போதும் அப்படித்தான் வரும். விரிப்புகளும் அந்த ஈரத்தைக் குடித்துச் சில்லென்று கனத்தன. கையை உள்ளே விட்டவள் அப்படியே நின்றாள்.

ஈரத் திரைச்சீலை இலையில் ஒட்டியிருந்தது நினைவுக்கு வந்தது. இந்த ஈர விரிப்புகளும் கனத்தில் கயிற்றை இழுத்து இலைமேல் சரிந்து, அப்படியே ஒட்டி உறைந்திருக்கும்.

உள்மூலை மேடையைப் பார்த்தாள். கட்டுத்துணி நாலாக மடித்து, ஓரம் ஓரத்தோடு சேர்ந்து, அங்கேயே இருந்தது.

பின்கதவு திறந்திருந்தது. கொல்லையில் அவன் கழிகளைப் பிடுங்கிச் சுவரில் சாய்த்திருந்தான். நீலக் கயிற்றை முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாகச் சுற்றிக்கொண்டிருந்தான். பழைய பொட்டலத்தின் காகிதத்தை எங்கிருந்தோ தேடி எடுத்துவந்து காலடியில் வைத்திருந்தான். கல் வைத்து, பறக்காமல்.

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

"என்னங்க," என்றாள். "அழுக்கு மூட்டை கதவ அடைச்சுக்கிட்டு இங்கயே கெடந்திருக்கு. அதத் தாண்டிப்போய்த்தானே அந்த மூலையில இருந்தத எடுத்தீங்க?"